கன்னி மண்

தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு ராம்கலி எங்கள் மனைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் புருஷன் ஹர்தாஸ் அந்த மூலையில் தானாகத் தோண்டினானா, இல்லை யாராவது தோண்டச் சொன்னார்களா? தோண்டச் சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்து எனக்குப் பல்லெல்லாம் வலிக்கிறது. ஆனால் அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், மாதம் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் காந்திமதி. சொந்த ஊர் திருநெல்வேலி. கல்யாணமாகி டெல்லி வந்து முப்பத்தோரு வருடம். என் வீட்டுக்காரர் மகாதேவன் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தார். ஆர்.கே.புரத்தில் மூன்று குவார்ட்டர்ஸ் மாறினோம். சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்கு யோசிக்க வேண்டும். கதவுக்குப் பிடித்த நிறத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. மலை மந்திரில் முருகனைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான், எனக்கென்று நாலு சுவர்.

துவாரகாவைத் தாண்டி நூறு கஜம் மனை ஒன்றைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கிப் போட்டிருந்தோம். பள்ளமான இடம். தெருவோடு சமமாக்க, இடித்த கட்டடங்களின் செங்கல் துண்டும் காரையும், இந்த ஊரில் மல்பா என்பார்கள், அதைக் கொண்டுவந்து மூன்றடி உயரத்துக்குக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். வடகிழக்கு மூலையை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் காம்பவுண்டு சுவர். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். அஸ்திவாரம் கிடையாது, அந்த மல்பாவின் மேலேயே செங்கல்லை அடுக்கிக் கட்டியது.

வைகாசிக் கடைசியில் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸில் இன்னும் ஆறு மாதம் இருக்கலாம். வீடு கட்டும் காண்ட்ராக்டர், இங்கே டேக்கேதார் என்பார்கள், சத்பீரைக் கூப்பிட்டுப் பேசினோம். ஹரியானாக்காரன், இந்தப் பக்கத்தில் நாற்பது வீடாவது கட்டியிருப்பான். எடுத்த எடுப்பிலேயே அவன் சொன்னது இதுதான்: இந்த ஊரில் வீடு ஆரம்பிக்க ஒரே ஒரு நல்ல நேரம் உண்டு, குளிர் இறங்கும்போது. இப்போது ஆரம்பித்தால் மழை. மழை முடிந்தால் தீபாவளிப் புகை, காற்று கெட்டுப்போச்சு, தோண்டாதே என்று அரசாங்கம் தடை போடும். அதற்கப்புறம் கடுங்குளிர், சிமெண்ட் இறுக நாளாகும். ஜனவரி கடைசியில் தோண்டி, ஹோலிக்குள் சுவரை எழுப்பி, அனல்காற்று வருவதற்குள் தளம் போட்டுவிட வேண்டும்.

"அவன் சொல்லுதது சரிதான காந்தி" என்றார் இவர். "தை வரைக்கும் துவாரகாவுல வாடகைக்கு இருந்துக்கிடுவோமே."

எனக்கு வந்ததே கோபம். "முப்பத்தோரு வருசம் அடுத்தவன் வீட்டுல இருந்தாச்சு. ரிட்டயர் ஆன பொறவு வாடகை வீடு வேற கேக்குதோ உங்களுக்கு? ஒரு ஹாலு, ஒரு ரூமு, மேல தளம். அதப் போட்டாப் போதும். பூச்சு வேலையெல்லாம் உள்ள இருந்துக்கிட்டே பாத்துக்கிடலாம். இங்கருந்து சாமானத் தூக்கினா நேரா என் வீட்டுலதான் எறக்குவேன்."

"மழை பெய்யுமேட்டி."

"பெய்யட்டும். கரஞ்சா போயிருவீய?"

அவர் அதற்கு மேல் பேசமாட்டார். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான். நான் கத்தினால் அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார். அன்றைக்காவது பதிலுக்கு நாலு கத்து கத்தியிருக்கலாம், அந்த மனுஷன்.

நான் காலண்டரை எடுத்தேன். ஊரிலிருந்து வருடா வருடம் தம்பி அனுப்பும் தினசரி காலண்டர். ஆனியில் வீடு ஆரம்பிக்கக் கூடாது. ஆடி வேண்டவே வேண்டாம். புரட்டாசியும் ஆகாது. ஐப்பசியில் வாஸ்து நாள் இருக்கிறது, ஆனால் அப்போது புகைத் தடை வந்துவிடும். கார்த்திகையில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தது ஆவணி ஆறு.

எங்கள் திருநெல்வேலி டவுன் சோசியர் ராமசுப்ரமணியனுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்துக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் குறித்துக் கொடுத்ததுதான்.

"பேஷான நாளும்மா. ஆவணியில ஆரம்பிச்சியள்னா, ஐப்பசி மழைக்கு முன்னாடி தளம் போட்டிரலாம். அஸ்திவாரம் நனையாது. வீடு கட்ட ஆவணிக்கு மிஞ்சி மாசம் கெடையாது" என்றார்.

அவர் பேசுவது அவர் ஊர் ஆவணியை. அங்கே அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும், காற்று பிய்த்துக்கொண்டு போகும், மழை வர இரண்டு மாதம் இருக்கும். அவர் அதைச் சொல்லும்போது என் சமையலறை ஜன்னலில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. டெல்லிக்கு ஆவணிதான் மழை மாதம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாக ஆவணியில் நான் துணி காயப்போட முடியாமல் திண்டாடியவள். "ஐயா, இங்க இப்பத்தான் மழை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் தை என்பார். அதனால் "சரிங்கய்யா" என்று வைத்துவிட்டேன். அவர் செய்தது அறியாத பிழை. நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

சத்பீர் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில், "சரி, பூஜையை அன்றைக்கே செய்துகொள்ளுங்கள், ஒரே ஒரு வெட்டு மண் எடுப்போம், நிஜமான தோண்டலை மழை விட்டபின் பார்க்கலாம்" என்று ஒத்துக்கொண்டான். மழை பத்து நாளில் விட்டுவிடும், வேலையை நான் ஓடவைத்துவிடுவேன் என்று நானும் கணக்குப் போட்டேன்.

ஆவணி ஆறு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின மூன்று நாளும் விடாத மழை. அன்று காலை மட்டும் விட்டிருந்தது. பார்த்தீர்களா, சாமியே வழி விட்டிருக்கிறார் என்று இவரிடம் பெருமை பேசிக்கொண்டு போனேன்.

வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டே நாள்தான் கண் விழிப்பார் என்பார்கள். விழித்ததும் பல் தேய்ப்பது, குளிப்பது, பூஜை, சாப்பாடு, தாம்பூலம் என்று ஒன்றரை மணி நேரம். அவர் சாப்பிட்டு வெற்றிலை போடும் அந்தக் கடைசி முப்பத்தாறு நிமிடம்தான் பூமி பூஜைக்கு. அன்றைக்கு அது ஏழு இருபத்துமூன்றிலிருந்து ஏழு ஐம்பத்தொன்பது வரை. ஐயரை வரச் சொல்லவில்லை. சோசியரே வீடியோ காலில் இருந்து சொல்லச் சொல்லச் செய்வதாக ஏற்பாடு. போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்திவைத்தேன்.

சத்பீர் வந்தான், கூட ஹர்தாஸ். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி. மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக இங்கே மண் வேலை. அவனுக்கும் அவன் பெண்சாதி ராம்கலிக்கும் ஒரே இடத்தில்தான் வேலை போடுவான் சத்பீர். அன்றைக்கு மட்டும் அவள் வேறொரு சைட்டில் இருந்தாள். சத்பீர் வடகிழக்கில், அந்த ஈசானிய மூலையில் ஒரு வெட்டு வெட்டச் சொன்னான், கும்பிட்டான், வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வேறு சைட்டைப் பார்க்க பைக்கில் போய்விட்டான். சாமான்களை எடுத்துவைக்க ஹர்தாஸ் இருந்தான்.

சோசியர் போனுக்குள்ளிருந்து குனிந்து பார்த்தார். "என்னம்மா, ஒரே செங்கக்கட்டியால்லா கெடக்கு? இது எங்கேருந்தோ கொட்டுன மண்ணுல்லா?"

"ஆமாய்யா. மேடாக்கக் கொட்டுனது."

"அதுல பூஜை செஞ்சா சேராதே. இடிச்ச வீட்டுக் கழிவும்மா அது. யார் வீடோ, என்ன நடந்ததோ. அடியில இருக்க கன்னி மண்ணு தெரியணும். அதுல ஒரு பிடி எடுத்துத் தட்டுல வச்சாத்தான் கணக்கு. இன்னும் அரை மணி நேரம் கெடக்கே, வெட்டச் சொல்லுங்க."

நான் ஹர்தாஸைப் பார்த்தேன். ஹிந்தியில் சொன்னேன், அடி மண் தெரியும்வரை தோண்டு என்று.

அவன் உடனே மண்வெட்டியை எடுக்கவில்லை. சுவரின் பக்கம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். செங்கல் இடுக்கில் கட்டைவிரலை அழுத்தினான். காரை ஈரமாக விரலோடு வந்தது. அதை என்னிடம் காட்டினான்.

"மாதாஜி, தீவார் பீகி ஹுயீ ஹை" என்றான். சுவர் நனைந்து ஊறியிருக்கிறது, இதன் காலடியில் தோண்டக் கூடாது, நடுவில் வேண்டுமானால் எத்தனை அடியும் தோண்டித் தருகிறேன் என்றான்.

இவர் உடனே, "கேட்டியா, நடுவுல தோண்டட்டும் காந்தி" என்றார்.

"நடுவுல பிரம்மஸ்தானம். அங்க யாராவது குழி தோண்டுவாவளா? தெரியாட்டா சும்மா இருங்க." ஹர்தாஸிடம் திரும்பினேன். "இதே மூலைதான். ஜல்தி, ஜல்தி. நேரம் போகிறது. ஒரு சின்னக் குழி, அவ்வளவுதானே, அதற்கு எவ்வளவு யோசிப்பாய்?"

அவன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்து, "உங்கள் சாமி ரொம்பக் கண்டிப்பு" என்று சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தான். முழங்கால் ஆழம், தொடை ஆழம். செங்கல் துண்டுதான் வந்தது. எனக்குக் கடிகாரத்தில்தான் கண். ஏழு நாற்பது. ஏழு நாற்பத்தைந்து. இன்னும், இன்னும் என்று நான் கை காட்டிக்கொண்டே இருந்தேன். இடுப்பளவு இறங்கினான். ஏழு ஐம்பதுக்கு அவன் குரல் வந்தது.

"மில் கயீ, மாதாஜி!"

கிடைத்துவிட்டதாம். குனிந்து ஒரு பிடி எடுத்தான், மஞ்சள் மண், மாவு போல. நான் பித்தளைத் தட்டை நீட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் போனேன். அப்போது சுவர் வந்தது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. ஊறின செங்கல் அப்படியே குழிக்குள் இறங்கியது. தட்டு கையில் இருந்தது, எதிரே ஹர்தாஸ் இல்லை.

போன் எங்கோ புரண்டு கிடந்தது. அதிலிருந்து சோசியர், "என்னம்மா சத்தம்? படம் தெரியலையே, மண்ணு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெருவே ஓடி வந்தது. கையால் செங்கல்லைப் பொறுக்கி எறிந்தார்கள். இவரும் குழிக்குள் இறங்கிவிட்டார், இரண்டு நகம் பெயர்ந்தது. நான் தட்டோடு நின்றேன். அவனை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். வலது கை மூடியே இருந்தது. வார்டு ஆள் விரலைப் பிரித்தபோது அந்த மஞ்சள் மண் ஸ்ட்ரெச்சரில் உதிர்ந்தது. அவ்வளவு கனத்திலும் அவன் அதை விடவில்லை. நான் கேட்டிருந்தேன் அல்லவா.

போலீஸ் வந்து விசாரித்தது. சத்பீர் ஓடி வந்து, "நான் ஒரே ஒரு வெட்டுதான் சொன்னேன், இவன் ஏன் இவ்வளவு தோண்டினான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, நிச்சயம் புரிந்துவிட்டது. ஆனால் சைட்டை விட்டுப் போனவன் அவன். அவனுக்கும் இது தோதாக இருந்தது. இவர், "ஹமே நஹீன் பதா" என்றார். எங்களுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடத்தில் எனக்கு முந்திக்கொண்டு அவர் பேசியது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை, நானாகத்தான் மூடிக்கொண்டேன். கூலியாளின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ராம்கலியை அந்த இன்னொரு சைட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். இரண்டாம் நாள் ஊருக்குப் போய்விட்டாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து துவாரகாவில் வாடகைக்குத்தான் போனோம். வேண்டாம் வேண்டாம் என்று குதித்தேனே, அதே வாடகை வீடு. புகை வந்தது, தடை வந்தது, குளிர் வந்தது. ராத்திரி படுத்தால் ஹர்தாஸின் கட்டைவிரலில் ஒட்டிய ஈரக் காரை தெரியும். இவரிடம் சொன்னால், "நடந்தது நடந்துபோச்சு, அதப் பேசாத" என்பார். மலை மந்திருக்குப் போவதை விட்டுவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

சோசியர் ஒரு சாந்தி ஹோமம் செய்யச் சொன்னார். செய்தோம். அடுத்த வாஸ்து நாள் தை பன்னிரண்டு, பத்து நாற்பத்தொன்றிலிருந்து பதினொன்று பதினேழு வரை என்று குறித்துக் கொடுத்தார். அது குடியரசு தினம். இதமான வெயில், மழை கிடையாது, தடையை எடுத்தாகிவிட்டது. சத்பீர் முதல் நாளே சொன்ன அதே நேரம். பக்கத்து வீட்டுக்காரர் அஸ்திவாரம் போட்டுப் புதுச் சுவர் கட்டியிருந்தார். இடிந்த செங்கல்லை அவரே அள்ளிப் போயிருந்தார். குழி மட்டும் அப்படியே இருந்தது.

புது டேக்கேதார், நாலு ஆட்கள். பூவைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ராம்கலி வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒரு பை. வேலை சீசன் ஆரம்பித்துவிட்டது, ஊரிலிருந்து ஆட்களோடு திரும்பி வந்திருக்கிறாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. நிதானமாகக் கேட்டாள். "மாதாஜி, சத்பீர் சொல்கிறான், அவராகத் தோண்டினார் என்று. இருபத்திரண்டு வருடம் மண் தோண்டினவர். ஈரச் சுவர் பக்கத்தில் என்னை நிற்கக்கூட விடமாட்டார். ஊரில் என் மாமனார் தினமும் கேட்கிறார், என் பையனுக்கு வேலை தெரியாதா, குடித்திருந்தானா என்று. நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். யாராவது தோண்டச் சொன்னார்களா?"

தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. நான்தான் என்று ஒரே வார்த்தை. அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"காந்தி, பத்து நாப்பத்தொண்ணு ஆயிட்டு" என்றார் இவர் பின்னாலிருந்து. "நேரம் போவுது."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் போலீஸ் வரும், கேஸ் வரும், வேலை நிற்கும். தை போனால் மாசி, பங்குனி ஆகாது, அதற்கப்புறம் அனல். என் புத்தி அந்த நேரத்திலும் மாதத்தைத்தான் எண்ணியது. தூ.

"யாரும் சொல்லவில்லை" என்றேன். "அவனாகத்தான் தோண்டினான்."

அவள் தலையை ஆட்டினாள். "அச்சா" என்றாள்.

இவர் என் காதருகே வந்து, "நல்ல காரியம் நடக்குத எடம். அவளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்றார். தமிழில்தான் சொன்னார். ஆனால் புருஷன் போனவளுக்கு இதெல்லாம் எந்த பாஷையில் சொன்னாலும் புரிந்துவிடும் போலிருக்கிறது. ராம்கலி தானே எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

போனை மறுபடி செங்கல்லுக்கு நடுவில் வைத்தேன். சோசியர் எட்டிப் பார்த்தார். "கன்னி மண்ணு தெரியுதாம்மா?"

"தெரியுதுய்யா" என்றேன். ஹர்தாஸின் குழி, இடுப்பளவு ஆழம், அடியில் மஞ்சள் மண். புதிதாக யாரும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. இவர் உள்ளே இறங்கி ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். அதே பித்தளைத் தட்டில் வாங்கினேன்.

மணலுக்கு அந்தப் பக்கம் ராம்கலி போன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மாமனாருக்குக் காது மந்தம் போல, உரக்கப் பேச வேண்டியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"கேட்டுவிட்டேன், பாபூ. வீட்டுக்கார அம்மாவே சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லையாம். ஆமாம். தப்பு அவர் மேல்தான். இனிமேல் யார் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்."

"கற்பூரம் ஏத்துங்கம்மா" என்றார் சோசியர்.

ஏற்றினேன். நல்ல நேரம் இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.